ஏழரை

போனவிஸ்டாவில் சனிபகவானை யாருக்கும் தெரியாது.
ஆனாலும் அந்த ஊரின் ஒவ்வொரு வீடியோ கேசட்டையும்
ஏழரை பிடித்திருக்கிறது.
அந்தக் கண்டத்து வீடியோவில்
கறுப்பு பூஜ்யத்தில் தொடங்குவதில்லை,
நூற்றுக்கு ஏழரையில் தொடங்கும்.
கழிக்காமல் டிவிடியில் இறக்கினால்
இரவுகள் சாம்பலாகும்,
மாப்பிள்ளையின் கோட்டில் தூசி படியும்,
கறுப்பு நாய் வயதாகித் தெரியும்.

வெஸ்லி நோஸ்வொர்தியின் வேலை கழிப்பது.
இரும்புக் கடைக்குக் கீழ் அறை,
சொந்தமாக ஒரு டெக்,
கடன் தீராத ஒரு மானிட்டர்.
கறுப்பைப் பதினாறில் உட்காரவைப்பான்,
வெள்ளையை இருநூற்று முப்பத்தைந்துக்கு மேல்
ஏறவிடமாட்டான்.

டோர்காஸ் டிஸ்ஸர்ட் ஒரு டேப் கொண்டுவந்தாள்,
எண்பத்தெட்டு ஜூன்.
கூடவே ஒரு மார்ஜரின் டப்பா.
அதற்குள், பதினோரு பூச்சுக்கு அடியிலிருந்து சுரண்டிய
நகத்தளவு பெயின்ட்.
"கதவு இந்தப் பச்சையில் வர வேண்டும்.
ஆம்ப்ரோஸ் படகுக்கு வாங்கியதில் மிச்சம் இது."

டேப்பில் ஆம்ப்ரோஸ்,
பாதி பச்சையான கதவு,
படிக்கட்டில் பிரஷ் ஊறும் எனாமல் கெட்டில்,
கடல் இருக்க வேண்டிய இடத்தில் மூடுபனி.
கேமராவுக்குப் பின்னால் யாரோ இருமுகிறார்கள்.

முதல் இரவு தானியங்கிப் பொத்தானை நம்பினான்.
இருட்டும் போதவில்லை வெளிச்சமும் போதவில்லை என்று
அது படத்தை இரண்டு பக்கமும் பிடித்து இழுத்தது.
பனி போயிற்று.
பதினெட்டு வருஷமாக யாரும் பார்க்காத ஒரு பாறையும்
பக்கத்து வீட்டுக் கழிப்பறையும் வெளியே வந்தன.

"என் பனியை எங்கே வைத்தாய்?" என்றாள் டோர்காஸ்.

மறுபடி, கையால்.
அளவுத் திரையில் பனி ஒரு தட்டையான பட்டை,
நூற்றைம்பதுக்கும் நூற்றெண்பதுக்கும் நடுவே
புரண்டுகூடப் படுக்காமல் கிடக்கிறது.
அது வெள்ளை இல்லை.
வெளுத்ததெல்லாம் பால் என்று நம்பும் மென்பொருளுக்கு
அதை யார் சொல்வது?

"இதில் எதுதான் வெள்ளை?" என்று கேட்டான்.
அடுத்த நாள் அவள் அந்தக் கெட்டிலையே தூக்கி வந்தாள்.
அடி கரி பிடித்து, மூடி தொலைந்து.
விளக்கில் திருப்பிப் பார்த்தான்:
கொஞ்சம் நீலம் சாய்ந்த வெள்ளை.
சாட்சி அதுதான் என்று முடிவுசெய்தான்.
சிவப்பில் நான்கு குறைத்தான்,
நீலத்தில் இரண்டு ஏற்றினான்.
பனி தன் இடத்துக்குத் திரும்பியது.
ஆம்ப்ரோஸின் பிடரியில்
வெயில் பட்ட இடம் மட்டும் தனியாகத் தெரிந்தது.

கதவுதான் படியவில்லை.
சில்லு ஒரு பச்சை சொன்னது,
டேப் ஒரு பச்சை,
டோர்காஸ் கண்ணை மூடிக்கொண்டு இன்னொன்று.
நள்ளிரவு தாண்டி வெஸ்லி கெட்டிலின் பக்கம் நின்றான்,
டிஸ்க்கை எரித்தான்,
தானே கொண்டுபோய்க் கொடுத்தான்.

அவள் வீட்டு டிவி
அலமாரி அளவு, குமிழ் வைத்தது.
ஆம்ப்ரோஸுக்குக் கண்ணில் புரை விழுந்தபோது
கலர் முழுக்க, வெளிச்சம் முழுக்கத் திருகி,
யாரும் குறைக்காதபடி
குமிழ்கள் மேல் கறுப்பு டேப் ஒட்டிவைத்திருந்தார்.

படம் ஓடியது.
பனி டியூப்லைட்டாக எரிந்தது.
வெஸ்லி கழித்த ஏழரை வட்டியோடு திரும்பி வந்திருந்தது.
கதவு, சொல்லவே வேண்டாம்,
மழை முடிந்த மறுநாள் புல்கூட
அப்படிக் கத்தாது.

அவன் கை குமிழ் டேப்பை நோக்கிப் போனது.
"தொடாதே."
பிறகு, எச்சில் விழுங்கி:
"இதுதான். இந்தப் பச்சைதான்."

கதவு பதினோரு முறை நிறம் மாறிய காலம் முழுக்க
அவள் அதைப் பார்த்தது
இந்தப் பெட்டிக்குள் மட்டுமே.

வெஸ்லி டீயைக் குடித்தான். ஆறியிருந்தது.
காசு வாங்கினான், உப்புமீனும் வாங்கினான்.

ஆல்பர்ட்டாவில் எண்ணெய் வயலில் இருக்கும் மகனுக்கு
இரண்டாவது பிரதி.
எண்களில் கைவைக்கவில்லை.
கறுப்பு பதினாறு, கெட்டில் கெட்டிலாகவே.
உறையின் பின்பக்கம் மட்டும்
பென்சிலால் எழுதினான்:
கலரை முழுக்க ஏற்றிப் பார்.